சுவருக்குள் கேட்ட தம்பியின் பெயர்

1

அன்றைக்கு அந்தச் சின்னத் திரையரங்கில் இருந்தவர்கள்: நான், என் மனைவி புளோறா, எங்கள் ஒரே மகள் ஷெரின், சிட்னியில் எங்கள் வென்ட்வேர்த்வில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் சிவா அண்ணை, அவருடைய மனைவி வசந்தி அக்கா. எங்கள் ஆட்கள் இந்த ஐந்து பேர். மற்றப் பக்கம் படத்தின் இயக்குநர் மார்த்தா, மெல்பேர்ணிலிருந்து வந்த தயாரிப்பாளர் கிரெக், ஷெரினோடு ஒலி வேலை செய்த இளம்பிள்ளைகள் நான்கு பேர், கமரா, விளக்கு ஆட்கள் பதினொரு பேர், வாசலில் பெயர் சரிபார்த்துவிட்டு உள்ளே வந்து கடைசி வரிசையில் இருந்த ஒரு பெண். மொத்தம் இருபத்து மூன்று. எங்கே போனாலும் எத்தனை பேர், எத்தனை கதவு என்று எண்ணாமல் எனக்கு இருப்புக் கொள்ளாது. புளோறா இதை வியாதி என்பாள்.

பார்த்தது ஒரு பேய்ப்படம். பேசுவது ஸ்பானிய மொழி. காசு மூன்று நாட்டுக் காசு: ஸ்பெயின், ஆர்ஜென்டினா, அவுஸ்திரேலியா. இப்படிக் கூட்டாக எடுத்தால் ஒவ்வொரு அரசாங்கமும் கொஞ்சம் உதவுமாம், அதற்குப் பதிலாக ஒவ்வொரு நாட்டிலும் கொஞ்சம் வேலை நடக்க வேண்டுமாம். அதனால் கதை நடப்பது ஸ்பெயின் கரையில் ஒரு மீன்பிடி ஊரில், ஆனால் கடல் சிட்னிக்குத் தெற்கே உள்ள கடல். வீட்டின் உட்பக்கம் மெல்பேர்ணில் ஒரு கொட்டகைக்குள் பலகையால் கட்டியது. படத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. மகளுடைய பிழைப்பு அது.

கதை சிக்கலில்லாதது. ஒரு பெண் தனியாக வந்து பழைய வீடொன்றை வாங்குகிறாள். இரண்டாம் நாளே சுவருக்குள்ளிருந்து ஒரு ஆணின் குரல் பெயர்களைச் சொல்வது அவளுக்குக் கேட்கத் தொடங்குகிறது. அந்தக் குரல் என்னுடையது.

"தம்பி ராசன், இதில ஆர் பேய், ஆர் மனுசர்?" என்று சிவா அண்ணை என் காதுக்குள் கேட்டார். "எல்லாரும் ஒரே மாதிரி வெளிறிப்போய்த் திரியினம்."

"பொறுங்கோ அண்ணை. சுவருக்கை இருக்கிறது நான்தான்."

"நீரோ? வாடகை குடுக்கிறீரோ, சும்மாவோ?"

வசந்தி அக்கா அவருடைய துடையில் ஒரு தட்டுத் தட்டினார். அந்தப் பெண் சுவரில் காதை வைத்தாள். அரங்கு முழுவதும் என் குரல் வந்தது, ஏதோ கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல. குரூஸ். லூசியா. அதற்குப் பிறகு ஒரு சின்ன இடறல். அன்ரன்.

திரையின் அடியில் ஆங்கிலத்தில் ஒரு வரி ஓடியது. அதைப் பிறகு மகளிடம் கேட்டு உறுதி செய்துகொண்டேன். 'அறியாத மொழியில் முணுமுணுப்பு' என்று போட்டிருந்தார்களாம்.

வசந்தி அக்கா இருட்டுக்குள் கையை நீட்டி புளோறாவின் கையைப் பிடித்தார். படம் முடிந்து விளக்குப் போட்டதும் அவருடைய கண் சிவந்திருந்தது.

"எப்ப அறிஞ்சனீங்கள்?" என்று கேட்டார். "எங்களுக்கு ஒரு சொல் சொல்லேல்லையே."

அன்ரன் என் தம்பி. அவன் இல்லை என்று எங்கள் வீட்டில் இன்றுவரை எவரும் சொன்னதில்லை.

2

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இங்கே ஆஸ்பத்திரித் துணிகள் வெளுக்கும் ஒரு பெரிய சலவைச்சாலையில் வேலை. படிப்பு இல்லாவிட்டாலும் வாசிப்பு எனக்கு நன்றாக வரும், நிறுத்தி நிதானமாக. அதனால்தான் ஒவ்வொரு நவம்பரிலும் தேவாலயத்தில் எங்கள் தமிழ்ப் பூசையில் இறந்தவர்களின் பெயர்களை என்னிடம் வாசிக்கக் கொடுப்பார்கள். மன்னார் ஆட்கள், யாழ்ப்பாணக் கரையோர ஆட்கள், எல்லோரும் தங்கள் வீட்டில் இறந்தவர்களின் பெயரைக் கடுதாசியில் எழுதி உறையில் போட்டுத் தருவார்கள். பீடத்துக்குப் பக்கத்தில் நின்று ஒரு பெயரும் விடாமல் வாசிப்பேன். விடுபட்டால் அந்த வீட்டார் ஒரு வருடத்துக்கு முகம் பாரார். முதல் நாள் முழுக்க அந்த உறைகளைத் திரும்பத் திரும்ப எண்ணுவேன்.

ஷெரினுக்கு என்னைப் பற்றித் தெரிந்ததில் அவளுக்கு உண்மையாகவே பிடித்தது இந்த வாசிப்பு ஒன்றுதான் என்று நினைக்கிறேன். ஒலிப்பதிவு படித்துவிட்டு ஒரு கொம்பனியில் உதவியாளராகச் சேர்ந்து இரண்டாவது வருடம். நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். இடையில் புளோறா நின்று இரண்டு பக்கமும் சமாளிப்பாள்.

ஒருநாள் வேலையால் வந்தவள் நேரே குசினிக்குள், அடுப்படிக்கே வந்து, "அப்பா, நவம்பர்ல வாசிக்கிற மாதிரி எனக்கு வாசிச்சுத் தருவீங்களா?" என்றாள். முழு வசனமும் தமிழ். அதற்கே நான் விழுந்துவிட்டேன்.

மார்த்தாவுக்கு நடிப்பு வேண்டாமாம். படம் பார்க்கிறவர்களுக்குப் புரியாத ஒரு மொழியில், போனவர்களின் பெயரை ஒருவர் சொல்ல வேண்டுமாம். அவ்வளவுதான்.

எனக்கு அதிலேயே பயம் தொடங்கிவிட்டது. உயிரோடு இருக்கிறவர்களின் பெயரை அப்படி வாசிக்கக்கூடாது. சும்மா ஒரு பெயரை உண்டாக்கிச் சொல்வோம் என்றால், அந்தப் பெயரில் எங்காவது ஒருவர் இருந்துவிட்டால்? பிறர் வீட்டு உறைகளில் உள்ளதை எடுக்க எனக்கு உரிமை இல்லை. மூன்று நாள் யோசித்து, என் சொந்தத்தில் இறந்தவர்கள் பதினேழு பேரை மட்டும் எழுதினேன். அவர்கள் கோபித்தால் என்னைத்தான் கோபிப்பார்கள்.

பதிவு நடந்தது எங்கள் படுக்கையறை உடுப்பு அலுமாரிக்குள். துணிகள் எதிரொலியை விழுங்குமாம். புளோறாவின் சேலைகளுக்கும் என் வேலைச் சட்டைக்கும் நடுவில் என்னை நிறுத்தி, மைக்கை முகத்துக்கு நேரே பிடித்தாள் மகள். காதுக்கருவியில் ஸ்பெயினிலிருந்து மார்த்தா கேட்டுக்கொண்டிருந்தார். மூன்று தரம் வாசித்தேன். அடுப்பை அணைத்தேனோ என்ற நினைப்பு வேறு.

"கடுதாசியைப் பார்க்காம ஒருக்கா," என்றாள் ஷெரின். "ஜஸ்ட் கீப் கோயிங் அப்பா. நிப்பாட்டாதீங்கோ."

கடுதாசி இல்லாமல் போனதும் நாக்கு தனக்குத் தெரிந்த பாதையில் போனது. எங்கள் வீட்டில் அம்மா சாப்பிடக் கூப்பிடுகிற ஒழுங்கு அது: குரூஸ், லூசியா, ராசன், அன்ரன். பெரியண்ணன் குரூஸ் காய்ச்சலில் போனான். லூசியா அக்கா ஷெல் விழுந்து. என் பெயரை நாக்கு தானாகவே தாண்டியது. அடுத்ததைத் தாண்டவில்லை.

சொன்னது எனக்குக் கேட்டது. 'இது நாலாவது தரம், முதல் மூன்றில் ஒன்றைத்தானே எடுப்பார்கள்' என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டேன். வாழ்க்கையில் எல்லாவற்றுக்கும் பயப்பட்டவன், பயப்பட வேண்டிய ஒன்றுக்கு மட்டும் பயப்படவில்லை.

3

யுத்தம் முடிந்த கிழமையில் அன்ரனை ஆமிக்காரர் ஒரு பஸ்ஸில் ஏற்றியதை எங்கள் மச்சான் ஒருவர் கண்டார். நீலக் கட்டம் போட்ட சட்டை, காலில் செருப்பு இல்லை. அதற்குப் பிறகு அவனைக் கண்டதாகச் சொல்ல ஒருவரும் இல்லை. நான் அதற்கு முந்தியே இங்கே வந்துவிட்டேன்.

அம்மா போகாத இடமில்லை. அவனுடைய படத்தை ஏந்திக்கொண்டு வீதியோரம் இருந்தார். விசாரணைகளில் சொன்னதையே சொன்னார். ஒரு அலுவலகத்தில் பத்திரம் ஒன்று தருகிறோம், அதோடு உதவிக்காசும் வரும் என்றார்கள். பத்திரத்தில் என்ன எழுதியிருக்கும் என்று கேட்டார், இறந்தவர் என்று இருக்கும் என்றதும் எழும்பி வந்துவிட்டார். அன்று பின்னேரம் எனக்குப் போன் எடுத்துச் சொன்னது இது:

"நான் சொல்லுமட்டும் அவன்ர பேரை அந்தக் கடுதாசியில ஒருத்தரும் எழுதப்படாது. உறைக்கையும் போடப்படாது. விளங்கிச்சோ?"

"விளங்கிச்சம்மா."

இந்த நாட்டில் அதைக் காப்பாற்றுவது சின்ன வேலையில்லை. எந்தப் படிவத்தை எடுத்தாலும் சகோதரர் விபரம் கேட்பார்கள். பெயர், பிறந்த திகதி, உயிரோடு இருக்கிறாரா, தற்போதைய முகவரி. அம்மாவை ஒருமுறை கூப்பிட விசாவுக்கு எழுதியபோது 'உயிரோடு இருக்கிறார்' என்ற பெட்டியில் அடையாளம் போட்டு, முகவரிக்கு 'தெரியாது' என்று எழுதினேன். ஒரு அதிகாரி போன் எடுத்தார்.

"சேர், தெரியாது என்றால் எப்படி? இறந்துவிட்டாரா?"

"நோ."

"அப்படியானால் எங்கே இருக்கிறார்?"

"ஐ டோன்ட் நோ."

"கடைசியாக எப்போது பேசினீர்கள்?"

சொன்னேன். மறுபக்கத்தில் விசைப்பலகை தட்டும் சத்தம் நின்றது. பிறகு அவர் மெதுவாக, "அப்படியே விடுகிறேன் சேர்" என்றார். அந்த மனுசனுக்காக அன்று ஒரு மெழுகுதிரி கொளுத்தினேன்.

இப்படிப் படிவம் படிவமாக நான் வைத்திருந்தவனைத்தான் என் வாயே கொண்டுபோய் மற்றவர்களோடு சேர்த்துவிட்டது.

4

படம் பார்த்த மூன்றாம் நாள் சிவா அண்ணையின் கடைக்குப் போனேன். நான் உள்ளே போனதும் கதை நின்றது. மரக்கறிப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்ற ஒரு அங்கிள் வந்து என் தோளில் கை வைத்தார். "கடைசியில ஒரு முடிவு தெரிஞ்சது நல்லதுதான் தம்பி," என்றார்.

"முடிவு ஒண்டும் தெரியேல்லை அங்கிள். படத்துக்கு வாசிச்சது."

"ஓம், ஓம்," என்றார். என்னை நம்பவில்லை. நான் இறந்தவர்களின் பெயரைத் தவிர வேறெதையும் அப்படி வாசிக்கமாட்டேன் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும்.

சிவா அண்ணை கல்லாவை விட்டு வெளியே வந்தார். "மனுசி ரெண்டு பேருக்குச் சொல்லிப்போட்டா. நான் சொன்னனான், விசாரிக்காமல் சொல்லாதை எண்டு. இப்ப மெல்பேர்ணில பொயிண்ட் குக்கிலயிருந்தும் போன் எடுத்துக் கேக்கினம். உங்கட அம்மாவுக்குப் போகுமுன்னம் ஏதாவது செய்யும் ஐசே."

வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னேன். அந்தப் பெயரைப் படத்திலிருந்து எடுக்க வேண்டும். எடுத்தால்தான், வாய் தவறியது, உடனே எடுப்பித்துவிட்டேன் என்று நாலு பேருக்குச் சொல்லலாம். அம்மாவின் முகத்துக்கு நேரே நிற்கலாம்.

"அப்பா, இட்ஸ் லொக்ட்," என்றாள். பூட்டியாகிவிட்டதாம். "இன்னும் ஒன்பது நாள்ல ஃபெஸ்டிவலுக்கு ஃபைல் போகுது. சவுண்ட் முழுக்க ஸ்பெயின்ல. ஒரு செக்கன்ட் மாத்தினாலும் மூண்டு நாடும் சைன் பண்ண வேணும். யூ சைண்ட் த ரிலீஸ்."

கையெழுத்து வைத்தது உண்மை. ஆறு பக்கம். குரலை எங்கும் எப்போதும் எந்த வடிவிலும் பாவிக்கலாம் என்று இருந்ததாம். நான் என் பெயர் சரியாக எழுதியிருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன்.

"என்ர பேர் முதல் தரம் ஸ்கிரீன்ல வருது அப்பா. நான் கோல் எடுத்து, மை டாட் சேஞ்ச்ட் ஹிஸ் மைன்ட் எண்டு சொல்லுறதோ? இதுக்குப் பிறகு ஆர் எனக்கு வேலை தருவினம்?"

"உன்னைக் கேக்கச் சொல்லேல்லை. நான் கதைக்கிறன். மார்த்தாவின்ர நம்பரைத் தா."

அவள் போனை மேசையில் கவிழ்த்து வைத்தாள். பிறகு கேட்டாள்: "டூ யூ திங்க் ஹீஸ் அலைவ்?"

புளோறா அடுப்பைக் குறைத்துவிட்டுத் திரும்பினாள். "அது நீ கேக்கிற கேள்வி இல்லை பிள்ளை."

அவள் கேட்டது நியாயம்தான். இதை வாசிக்கிறவர்களுக்கு உண்மையைச் சொல்கிறேன். சலவைச்சாலையில் சூடான துணிகளை மடித்துக்கொண்டு நிற்கும்போது சில நாள் அவன் இல்லை என்று எனக்குத் தெளிவாகவே தெரியும். அதே நாள் பின்னேரம் ரயிலில் ஒரு நீலக் கட்டச் சட்டையைக் கண்டால் எழும்பிப்போய் முகம் பார்ப்பேன். என் நினைப்பு எதுவாகவும் இருக்கட்டும். அதைச் சொல்லும் உரிமை அம்மாவுக்கு. அவருக்கு முந்தி நான் சொல்ல முடியாது.

இதை மகளிடம் சொல்ல ஆங்கிலம் வரவில்லை. தமிழில் சொன்னேன். அவளுக்கு எவ்வளவு விளங்கியதோ தெரியாது. எழும்பி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

5

புதன்கிழமை, வேலையிடத்தில் தேத்தண்ணி நேரம், போன் அடித்தது. அம்மா. அம்மா எடுப்பது ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும். அங்கே காலை பத்து மணி இருக்கும். லூசியா அக்காவின் மகன் போனைப் பிடித்துக் கொடுத்துவிட்டு விலகிப் போகும் சத்தம் கேட்டது.

"நீ வாசிச்சனியாம்," என்றார்.

சுற்றிவளைக்கவில்லை. துணி வண்டியில் சாய்ந்துகொண்டேன்.

"படத்துக்கு அம்மா. வாய் தவறி வந்திட்டுது. வேணுமெண்டு இல்லை."

"ஆரோடை சேத்து வாசிச்சனி?"

"எங்கட ஆக்களோடைதான்."

"நடுவிலயோ, கடைசியிலயோ?"

"லூசியா அக்காவுக்குப் பிறகு."

அங்கே ஒரு காகம் கத்தியது.

"நான் கூப்பிடுற மாதிரியோ?"

"ஓம் அம்மா."

அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. "எடு," என்றார். "எடுத்துப்போட்டு எனக்குச் சொல்லு." போன் வைக்கப்பட்டது.

அன்று வீட்டுக்குப் போனபோது ஷெரின் சாப்பாட்டு மேசையில் கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தாள். திரையில் மார்த்தா, காலைக் கோப்பியோடு. பக்கத்துப் பெட்டியில் மெல்பேர்ணிலிருந்து கிரெக். மகள் எனக்கு ஒரு கதிரையை இழுத்துப் போட்டாள். நம்பர் கேட்ட எனக்கு அவளே ஆட்களைக் கூட்டிவிட்டாள். ஏன் மனம் மாறினாள் என்று நான் கேட்கவில்லை. புளோறா கதவைத் தட்டிப் பேசியிருக்க வேண்டும்.

கிரெக் நல்ல மனுசன். மன்னிப்புக் கேட்டுக் கேட்டுத்தான் கணக்குச் சொன்னார். பெரிய அரங்குக்கு ஒரு கோப்பு, சின்னத் திரைக்கு ஒன்று, வேற்று மொழிக் குரல் போடுவதற்கு ஒன்று. ஒவ்வொன்றையும் புதிதாக எடுத்து ஒவ்வொரு நாட்டிலும் சரிபார்க்க வேண்டும். தயாரிப்பில் காசு முடிந்துவிட்டது. என்னோடு ஒப்பந்தம் சுத்தமாக இருக்கிறது.

மார்த்தா அவரைக் கையால் மறித்தார். "எனக்கு அந்த இடம்தான் படத்திலேயே பெரிய இடம்," என்றார் ஆங்கிலத்தில். மகள் மெல்லத் தமிழில் சொன்னாள். "உங்கள் குரல் அந்த ஒரு பெயரில்தான் உடைகிறது. நாலாவது பதிவை எடுத்ததே அதற்காக. அவர் யார்?"

நான் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். மை பிரதர். நொட் டெட். நொட் கம்.

மார்த்தா கோப்பையைக் கீழே வைத்தார். அவர் பிறந்தது ஆர்ஜென்டினா. அவருடைய அம்மாவின் தம்பியும் இப்படித்தானாம், இவர் பிறக்க முந்தி வேலைக்குப் போனவர் திரும்பி வரவில்லையாம். அவர்கள் ஊரில் கூட்டங்களில் இப்படியானவர்களின் பெயரைச் சொன்னால், கூடியிருக்கிறவர்கள் எல்லோரும் 'இங்கே இருக்கிறார்' என்று சத்தமாகப் பதில் சொல்வார்களாம்.

"நான் அந்தப் பெயரைப் பேயின் வாயில் வைத்துவிட்டேன்," என்றார். "தெரியாமல் வைத்தேன். ஆனால் வைத்துவிட்டேன்."

ஸ்பெயின் ஒலிக்கூடம் தங்கள் கூலியை விட்டுத்தரும், அதைத் தான் பேசிக்கொள்வதாகச் சொன்னார். மிச்சக் கோப்புச் செலவைத் தானே போடுவதாகவும் சொன்னார்.

"நோ," என்றேன். "ஐ பே."

ஷெரின் என் கையைப் பிடித்தாள். "அப்பா, ஷீ இஸ் ஒஃபரிங்."

"பிழை விட்டது நான் பிள்ளை. அம்மாவுக்கு நான்தான் பதில் சொல்ல வேணும்."

கிரெக் தவணைக்கு ஒத்துக்கொண்டார். மூன்று நாட்டுக் கையெழுத்தும் வர ஐந்து நாள் பிடித்தது. அந்த ஐந்து நாளும் நான் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. ஆர்ஜென்டினாவில் ஒருநாள் விடுமுறை, ஸ்பெயினில் கையெழுத்து வைக்க வேண்டியவர் ஊரில் இல்லை. கோப்பு புறப்பட வேண்டிய நாளுக்கு முதல் நாள்தான் கடைசிக் கையெழுத்து வந்தது.

6

மாற்றிய ஒலித்துண்டை ஷெரின் காருக்குள் போட்டுக் காட்டினாள், நிலையத்துக்குப் பின்னால் உள்ள வாகனத் தரிப்பிடத்தில் வைத்து. குரூஸ். லூசியா. பிறகு நான் மூச்சை உள்ளே இழுக்கும் சத்தம். பெயர் இல்லை. அடுத்ததாகப் பெரியப்பாவின் பெயர்.

"மூச்சையும் எடுக்கட்டோ எண்டு கேட்டவை," என்றாள். "நான் வேண்டாமெண்டு சொன்னனான். சரிதானே?"

"சரி பிள்ளை."

அவள் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு, "சித்தப்பா எப்பிடிக் கதைப்பார்?" என்று கேட்டாள். இருபத்திரண்டு வயதில் முதல்தரமாகக் கேட்கிறாள். கதைத்தால் வேகமாகக் கதைப்பான், பாதி விளங்காது என்றேன். அந்தக் காருக்குள் ஒரு மணித்தியாலம் இருந்தோம். அவள் கேட்டதெல்லாம் தமிழ் இல்லை. நான் சொன்னதெல்லாம் அவளுக்கு விளங்கியிருக்காது. அவள் எழும்பிப் போகவில்லை.

சிவா அண்ணையின் கடையில் நின்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன்: வாய் தவறி வந்தது, எடுத்தாகிவிட்டது, தம்பியைப் பற்றி எங்களுக்கு ஒரு செய்தியும் இல்லை. வசந்தி அக்கா அழுதார். புளோறா அவரைத் தேற்றினாள்.

அம்மாவுக்குச் சொல்ல ஞாயிறு வரை எனக்குப் பொறுக்கவில்லை. அன்றே எடுத்தேன்.

"எடுத்தாச்சம்மா."

"முழுக்கவோ?"

"முழுக்க."

ஒரு பெருமூச்சு வந்தது. பிறகு, "சும்மா எடுத்திருக்கமாட்டாங்கள். எவ்வளவு முடிஞ்சது?" என்றார்.

மறைக்க நினைத்தேன். வரவில்லை. "மூவாயிரத்து அறுநூறு டொலர் அம்மா. மாசாமாசம் குடுக்கிறன்."

"உன்ர காசோ?"

"ஓம்."

"எழுதி வை," என்றார். "அவன் வந்து தருவான். தம்பி எண்டு பாராதை, கேட்டு வேண்டு."

எழுதி வைத்திருக்கிறேன். கணக்குக் கொப்பியில் ஒரு பக்கம், மேலே அவன் பெயர். போன கிழமையோடு நான் கட்டிய தவணை ஐந்து, ஒவ்வொன்றும் முந்நூறு. கிரெக்குக்கு நான் இன்னும் கொடுக்க வேண்டியது இரண்டாயிரத்து நூறு டொலர். அன்ரன் எனக்கு இதுவரை தரவேண்டியது ஆயிரத்து ஐந்நூறு.